கணவரின் செல்லில் அதைப் பார்த்த பிறகு: செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் கதவின் அடியில் செல் வெளிச்சம் தெரியும். தண்ணீர்ச் சத்தம் இருக்காது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து படுப்பார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். எங்கள் வீட்டில் இது இரண்டு வருடம் நடந்தது. அவருக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தூக்கம் கெட்டதற்கும், என்னோடு முகம் கொடுத்துப் பேசாததற்கும் ஷிஃப்ட்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் பில் கட்ட ஒருநாள் அவர் செல்லை எடுத்தபோதுதான் ஆபாச வீடியோ பார்க்கிறார் என்ற விஷயம் தெரிந்தது.

அன்றைக்கு நான் மூன்று தவறுகள் செய்தேன். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கத்தினேன். விடிந்ததும் மாமியாரிடம் சொன்னேன். அதற்கப்புறம் எட்டு மாதம் தினமும் அவர் செல்லை எடுத்துச் சோதித்தேன். மூன்றும் எங்களைப் பின்னால்தான் இழுத்தன. காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ நேற்று ராத்திரி இதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரிடம் வாய் திறப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழக்கத்தை விடுவது அவருடைய வேலை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவரும் விடமாட்டார், நீங்களும் உருக்குலைந்து போவீர்கள். இது எனக்குப் புரியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் ராத்திரி

ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகவே ஒன்றும் வேண்டாம். செல்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் படுங்கள். கை நடுங்கும், வயிற்றைப் புரட்டும், தூக்கம் வராது. பெரிய அதிர்ச்சிக்கு உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும். அந்த நேரத்தில் வாயிலிருந்து வரும் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. நான் அன்று சொன்ன ஒரு வார்த்தையை அவர் இன்னும் மறக்கவில்லை.

பார்த்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். அண்ணனுக்குக் காட்ட வேண்டும், சாட்சிக்கு வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு அடியுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி அது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். 24 மணி நேரமும் இருக்கும், தமிழில் பேசலாம், காசு இல்லை.

எது எது என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டு மூன்று நாள் கழித்து, கொஞ்சம் தெளிந்த மனதோடு யோசியுங்கள். எப்போதாவது பார்ப்பது ஒன்று. விட முடியாமல் மாட்டிக்கொள்வது வேறு. முதலாவதே உங்கள் மனதைப் புண்படுத்தலாம், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்ற கோளாறு அதில் இருக்கிறது. ஆபாசப் படத்திலிருந்து மீள முடியாத நிலையும் இதற்குள்தான் வரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருக்க வேண்டும். உடம்பு, குடும்பம், வேலை எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு அதுவே முன்னால் நிற்க வேண்டும். விட முயன்று பலமுறை தோற்றிருக்க வேண்டும். கெடுதல் தெரிந்தும், பெரிய இன்பம் கிடைக்காமலும் தொடர வேண்டும். இப்படித்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். "தப்புப் பண்ணிவிட்டேன்" என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மது, கஞ்சா வரிசையில் இதை வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு சேர்த்திருக்கிறார்கள். அடிமைத்தனம் என்று இதைச் சொல்லலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. நாம் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து "நீங்க அடிமை" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதிலாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நாளாக நடக்கிறது? ஷிஃப்ட்டுக்குத் தாமதமாகப் போகிறாரா, லீவு போடுகிறாரா? பிள்ளைகளோடு உட்கார்வது நின்றுவிட்டதா? படுக்கையில் உங்களை ஒதுக்குகிறாரா, அல்லது அதில் பார்த்ததைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறாரா? பணம் போகிறதா? இதற்கான பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் டாக்டரிடம் பேசும்போது கைகொடுக்கும்.

இதை மட்டும் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள்

நான்கு விஷயங்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் பேசிச் சரிசெய்வது, பொறுத்துப் போவது என்ற பேச்சே வேண்டாம்.

செல்லில் இருப்பது குழந்தைகளின் படம் என்றால் அது குற்றம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் அப்படிப்பட்ட படத்தைத் தேடிப் பார்ப்பதும் இறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் வரும். வைத்திருப்பது போக்சோ சட்டத்தில் வரும். செல்லில் வெறுமனே வைத்துப் பார்த்தால் குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. இதனால்தான் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்றேன். சாட்சி என்று நினைத்து நீங்கள் அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது பரப்புவதுதான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பேசுங்கள், குழந்தையை அவரோடு தனியாக விடாதீர்கள்.

இரண்டாவது, உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் படம் எடுப்பது. மனைவியாக இருந்தாலும் சம்மதமில்லாமல் அந்தரங்கத்தைப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. மூன்றாவது, கட்டாயப்படுத்துவது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தையையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்கள் உதவி எண்ணான 181க்கு அடித்தால் வழி சொல்வார்கள். நான்காவது, முகம் தெரியாத யாரோ வீடியோ காலில் பேசிப் பதிவு செய்துவிட்டு அவரை மிரட்டிப் பணம் பறிப்பது. இதில் அவர் ஏமாந்தவர். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

பேசுவது

மற்றவர்களுக்கு இங்கேதான் பயம் வரும். எனக்கும் வந்தது. இரண்டாம் முறை பேசும்போது சில விஷயங்களைச் சரியாகச் செய்தேன், அதைச் சொல்கிறேன்.

ராத்திரி பேச வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்த பசியோடு இருக்கும்போது வேண்டாம். குடித்திருந்தால் கட்டாயம் வேண்டாம். கூட்டுக் குடும்பத்தில் சமையல்கட்டில் பேசினால் கூடத்தில் கேட்கும். அதனால் வெளியே கூட்டிப் போங்கள். நாங்கள் வண்டியில் ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் ஓரமாக உட்கார்ந்து பேசினோம். வேலூர்க் கோட்டைப் பக்கத்துப் புல்வெளி, வேறு ஏதாவது பார்க், எதுவும் சரிதான். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் இரண்டு பேருமே குரலை உயர்த்த மாட்டீர்கள்.

சுற்றி வளைக்காமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னது இது: "ஏங்க, உங்க செல்லுல அந்த மாதிரி வீடியோ பாக்குறது எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா ராத்திரி எந்திரிச்சிப் போறதும் தெரியும். எனக்கு மனசு ரொம்ப வலிக்குது. உங்கள அசிங்கப்படுத்த நான் கூட்டினு வரல. இத நிறுத்த நீங்க என்னா செய்யப் போறீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பதிலாக வரக்கூடியவை பெரும்பாலும் மூன்று. "இன்னாத்துக்கு இத பெருசாக்குற, எல்லா ஆம்பளையும் பாக்குறதுதான்" என்பது ஒன்று. எல்லா ஆம்பளையைப் பற்றியும் வாதாட வேண்டாம். "மத்தவங்கள பத்தி எனக்குத் தெரியாது. நம்ம வூட்ல இதனால என்னா ஆச்சின்னு மட்டும் பேசலாம்" என்று திரும்ப அங்கேயே வாருங்கள். இரண்டாவது, "நீ ஒழுங்கா இருந்திருந்தா நான் ஏன் பாக்கப் போறேன்." இந்த வார்த்தை கத்தி மாதிரி இறங்கும். இது உண்மையில்லை என்று நம்புங்கள். பலருக்கு இந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே, பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கியிருக்கும். என் கணவர் பத்தாம் வகுப்பில் தொடங்கியதாகப் பின்னால் சொன்னார். அப்போது நான் யார் என்றே அவருக்குத் தெரியாது. நீங்கள் ஒல்லியாகியிருந்தாலும், சிவப்பாகப் பிறந்திருந்தாலும், தினமும் பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாலும் இது இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் ஏமாற வைக்கும். அழுவார். "புள்ள மேல சத்தியம், இனிமே தொடமாட்டேன்" என்பார். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொல்வார். ஆனால் சத்தியத்தால் இது நிற்காது. நின்றிருந்தால் அவர் தனக்குத்தானே செய்துகொண்ட சத்தியங்களிலேயே நின்றிருக்கும். சத்தியம் வேண்டாம், தேதி கேளுங்கள். எந்தத் தேதிக்குள் டாக்டரைப் பார்ப்பீர்கள், செல்லில் என்ன மாற்றுவீர்கள் என்று. பிள்ளையை இதில் இழுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

அவர் அன்றே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சரி, எழுந்து வந்துவிடுங்கள். ஒருநாளில் முடிகிற பேச்சு இல்லை.

யாரிடம் சொல்வது

ஒரே ஒருத்தரிடம். அம்மாவோ அக்காவோ பழைய தோழியோ, விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். நான் மாமியாரிடம் சொன்னேன். அது நாத்தனாருக்குப் போனது. அடுத்த கல்யாண வீட்டில் மூன்று பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் அவமானத்தில் சுருண்டு போனார், சுருண்டபோது மறுபடி அந்தச் செல்லுக்குள்தான் போய் ஒளிந்துகொண்டார். அவமானம் இந்தப் பழக்கத்துக்குத் தீனி. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் அப்படித்தான் முடியும். ஆனால் யாரிடமுமே சொல்லாமல் பூட்டி வைப்பது உங்களைத் தின்றுவிடும். அதனால்தான் ஒருத்தர்.

செல்

2018இல் மத்திய அரசின் உத்தரவால் 827 ஆபாசத் தளங்களை நெட் கம்பெனிகள் முடக்கின. அவற்றில் பல வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டன. நாடே போட்ட தடை அப்படி ஆனது என்றால் நீங்கள் போடும் பாஸ்வேர்டு எவ்வளவு நாள் தாங்கும்? அப்படியானால் தடுப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதை அவர் கையால் போட வேண்டும். தடுப்பினால் கிடைப்பது கொஞ்சம் தாமதம். ஆசை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், தீனி போடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தணியும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்ட ஒரு முட்டுக்கட்டை உதவும்.

எங்கள் வீட்டில் அவரே செய்தவை: ராத்திரி பத்து மணிக்குச் செல் கூடத்தில் சார்ஜில் இருக்கும், அறைக்குள் வராது, என்னுடையதும் வராது. எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினார். டெலிகிராமில் இருந்த குரூப்புகளிலிருந்து வெளியேறி ஆப்பையே எடுத்துவிட்டார். வீட்டு வைஃபை ரூட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டார். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஆபாசத் தளங்களைத் தடுப்பதற்காகவே இலவசமாகத் தரும் எண் அது. மொபைல் டேட்டாவுக்கு அது செல்லாது, செல்லின் செட்டிங்கில் தனியாக மாற்ற வேண்டும். பாத்ரூமுக்குச் செல் போகாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம்.

ஹிஸ்டரியைச் சோதிக்கும் வேலையை நிறுத்துங்கள். எட்டு மாதம் நான் போலீஸ்காரியாக இருந்தேன். அவர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது நிமிடம் பேசுகிறோம். அந்த வாரம் எப்படிப் போனது, எப்போது கஷ்டமாக இருந்தது என்று அவர் சொல்வார். சறுக்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் தானாகவே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். என்ன பார்த்தார், எப்படிப்பட்ட பெண் என்று நான் கேட்பதில்லை. ஒருமுறை கேட்டேன், அந்தக் காட்சி என் தலைக்குள்ளும் புகுந்துகொண்டது.

டாக்டர்

வேலூரில் இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு வரம். சிஎம்சியின் மனநல மருத்துவ மையம் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை, பாகாயத்தில் இருக்கிறது. 1957இல் தொடங்கிய இடம். காட்பாடியிலிருந்து 1, 2ஆம் நம்பர் டவுன் பஸ் பாகாயம் போகும். காசு கஷ்டம் என்றால் திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று மட்டும் சொன்னால் போதும். கவுன்டரில் நிற்பவரிடம் கதை சொல்ல வேண்டியதில்லை. "பாகாயம் போனா பைத்தியம்னு சொல்வாங்க" என்று என் கணவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டார். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது என்று படித்துக் காட்டிய பிறகுதான் கிளம்பினார்.

முதல் நாள் தூக்கம், குடி, வேலை, மனச்சோர்வு, பதற்றம் எல்லாவற்றையும் கேட்பார்கள். பல பேருக்கு அடியில் வேறொன்று இருக்கும். என் கணவருக்கு இருந்தது மனச்சோர்வு. தூக்கமில்லாத ஷிஃப்ட்டும் கடனும் அதை வளர்த்திருந்தன. மருந்து சில பேருக்குக் கொடுப்பார்கள், ஆனால் முக்கியமான சிகிச்சை பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த உணர்ச்சியில் கை செல்லுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் வேறு செயலைப் பழக்குவார்கள். உண்மையான உறவில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆண்மைக் குறைவு நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் வந்து தங்கும் ஆளிடம் மட்டும் போகவிடாதீர்கள். பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அங்கே போனால் பயத்தைக் காட்டி லேகியத்தை விற்பார்கள்; பயம் கூடினால் பழக்கமும் கூடும்.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகப் போங்கள். தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, பசி இல்லை என்று உங்களுக்காகவே ஓபி சீட்டு போடலாம். நான் அப்படித்தான் முதலில் போனேன். மூன்று வாரம் கழித்து அவர் கேட்டார், "அங்க இன்னா கேக்குறாங்க?"

உங்கள் உடம்பு, உங்கள் காசு

மனம் ஆறும்வரை படுக்கையைத் தள்ளிவைக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒத்துக்கொண்டால்தான் அவர் வெளியே போகமாட்டார் என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். அவர் வெளியே போயிருப்பாரோ என்ற சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் ஹெச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று உங்களை அந்த வீடியோப் பெண்களோடு ஒப்பிடுவீர்கள், எல்லாரும் செய்கிறோம். அவை வெளிச்சம் போட்டு, வெட்டி ஒட்டி, காசுக்காக எடுத்த படங்கள். உங்கள் உடம்பு உங்கள் பிள்ளைகளைச் சுமந்த உடம்பு.

உங்கள் பெயரில் ஒரு பேங்க் கணக்கு இருக்கட்டும். மகளிர் குழுவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். குழுக் கூட்டத்துக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது.

கணவர் பட்டாளத்தில் இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. வருடத்தில் சில வாரம்தான் ஊருக்கு வருவார். அந்த லீவின் கடைசி நாளில் இதைத் தொடங்காதீர்கள்; முதல் வாரத்தில் பேசினால்தான் டாக்டரிடம் போக நாள் இருக்கும். மனைவிக்கு இந்தப் பழக்கம் இருந்து கணவர் இதைப் படித்தாலும் வழி இதேதான்; மனைவியை ஊர் வாயில் விழாமல் காப்பதில் இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

பிள்ளைகள் எதையாவது பார்த்துவிட்டால் திட்டாதீர்கள். "அது பெரியவங்களுக்காக எடுத்த, நல்லதில்லாத படம். உன் மேல தப்பு இல்ல. மறுபடி கண்ணுல பட்டா எங்கிட்ட வந்து சொல்லு" என்றால் போதும்.

சறுக்கலும், கடைசி முடிவும்

சறுக்குவார். என் கணவர் முதல் ஆறு மாதத்தில் நான்கு முறை சறுக்கினார். சறுக்கிவிட்டுத் தானாக வந்து சொல்கிறாரா, டாக்டரிடம் போவது நிற்காமல் நடக்கிறதா, உங்கள் மேல் பழி போடுவது குறைகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் நடந்தால் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது. பொய் கூடுகிறது, கை நீள்கிறது, பணம் காணாமல் போகிறது என்றால் பொறுமைக்கு நீங்களே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை, நீங்கள் நம்பி விஷயத்தைச் சொன்ன அந்த ஒருத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

பிரிந்து இருக்கலாமா என்று கேட்டாலே விவாகரத்து என்று அர்த்தமில்லை. வக்கீலுக்குக் காசில்லையே என்றும் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை அடகுச் சீட்டு, அப்புறம் நீங்கள் தேதி போட்டு எழுதி வைத்த அந்த நோட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு செராக்ஸ் எடுத்து அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள்.